பாட்டு முடியும் இடம்

சென்ற திங்களில் நம் சங்கத்துக்கு வந்த கடிதங்களுள் இரண்டு, ஒன்றுக்கொன்று நேர் எதிரான நோயைக் கூறுகின்றன. கொழிஞ்சாம்பாறை அன்பர் ஒருவர், ஊர்க் கோயில் திருவிழாவில் முப்பது ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்த நாதஸ்வரக் கேஸட்டைக் கைக்கு அடக்கமான டிஜிட்டல் ரிக்கார்டரில் ஏற்றினாராம். பாட்டுக்குப் பாட்டு தனித்தனியே பிரிந்து நிற்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, ஒரு பக்கத்தின் 45 நிமிடமும் ஒரே துண்டாகக் கிடைத்தது. தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதும் சகோதரி ஒருவரோ, தம் பாட்டியார் பாடிய ஒப்பாரியை அதே முறையில் ஏற்றினார். ஒரே பாட்டு 17 துண்டுகளாகச் சிதறிப் போயிற்று. "கருவி பழுதா, எங்கள் கை பழுதா?" என்று இருவருமே கேட்கிறார்கள்.

இரண்டும் அன்று. கருவி தனக்குத் தெரிந்ததைத்தான் செய்தது. அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை நாம் அறிந்துகொண்டால் இரு நோய்க்கும் மருந்து ஒன்றே என்பது விளங்கும்.

பாட்டுகளைப் பிரித்து நிறுத்தும் இவ்வேலை காலந்தோறும் வேறு வேறு வழியில் நடந்து வந்திருக்கிறது. பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிடப் பாட்டுக்குத்தான் இடம் உண்டு. ஆகவே பக்கம் முடிந்தால் பாட்டும் முடிந்தது. பிரிக்க வேண்டிய தொல்லையே இல்லை. 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தபோது, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வெற்று வளையம் விடப்பட்டது. முள்ளை அங்கே வைத்தால் அடுத்த பாட்டு எழும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேஸட்டை வெளியிட்டது. அந்த நாடாவில் வளையமும் இல்லை, எண்ணும் இல்லை. தேடுபவர் ஓட்டி நிறுத்திக் கேட்டு, மீண்டும் ஓட்டித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் ஒவ்வொரு பாட்டும் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை தட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. இவ்வாறு எண்ணிட்டுப் பிரித்த ஒவ்வொரு பகுதியையும் ஆங்கிலத்தில் டிராக் என்பர். நாம் இங்கே தடம் என்போம்.

கேஸட்டில் தட அட்டவணை ஏதும் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதிலிருந்து கம்பி வழியாக வருவது வெறும் ஒலி. அதைப் பெறும் ரிக்கார்டர், பாட்டு எங்கே முடிந்தது என்பதை ஊகித்தறியவேண்டியிருக்கிறது. அது ஊகிக்கும் வழி ஒன்றே: ஒலி ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்கி, ஒரு குறிப்பிட்ட நேரம் அப்படியே இருந்து, பின்னர் மீண்டும் எழுந்தால், அங்கே ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று கொள்ளும். சுருங்கச் சொன்னால், கருவிக்குப் பாட்டுத் தெரியாது. மௌனம் மட்டுமே தெரியும். அந்த மௌனமும் எத்தகையது என்று அதற்குத் தெரியாது.

இனி முதல் நோயைப் பார்ப்போம். தடம் பிரியாமைக்குக் காரணங்கள் பல.

முதற் காரணம், நாடாவின் இரைச்சல். நாம் மௌனம் என்று நினைக்கும் இடத்திலும் கேஸட்டில் "ஸ்" என்ற ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண நாடாவில் இவ்விரைச்சல், பாட்டின் உச்ச ஒலிக்கு ஏறத்தாழ 50 டெசிபெல் கீழே நிற்கும். பிரதியிலிருந்து பிரதி எடுத்த நாடாவானால் இரைச்சல் இன்னும் கூடும். ரிக்கார்டர் 60 டெசிபெல் கீழே போனால்தான் மௌனம் என்று கருதுமாறு அமைந்திருந்தால், கேஸட்டில் அதற்கு மௌனமே கிட்டாது.

இரண்டாவது, ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி. பேச்சைப் பதிவு செய்வதற்கென்று பல ரிக்கார்டர்களில் இதனை வைத்திருக்கிறார்கள். ஒலி தாழ்ந்தால் அது உயர்த்தும், உயர்ந்தால் தாழ்த்தும். பாட்டு முடிந்து ஒலி அடங்கியவுடன் இவ்வசதி விழித்துக்கொண்டு இரைச்சலைத் தூக்கி நிறுத்திவிடும். தடம் பிரியாததோடு, பாட்டின் ஏற்ற இறக்கமும் கெட்டுவிடும். கேஸட்டை ஏற்றும்போது இதனை முதலில் அணைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, நம் இசையின் இயல்பு. நாதஸ்வரக் கச்சேரியில் வித்துவான் ஓய்ந்தாலும் ஒத்து ஓய்வதில்லை. வாய்ப்பாட்டுக் கச்சேரியில் தம்புராவோ சுருதிப் பெட்டியோ இடைவிடாது ஒலிக்கும். பாட்டு முடிந்ததும் கைதட்டல், அது அடங்குமுன் மிருதங்கத்தைத் தட்டிச் சுருதி பார்த்தல், பிறகு வயலினின் இழை. கும்மியிலோ ஒரு பாட்டு முடியுமுன்பே கைத்தாளம் அடுத்த பாட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறது. இவற்றில் மௌனத்தைத் தேடுவது, ஆற்றில் படிக்கட்டைத் தேடுவது போன்றதாகும். கொழிஞ்சாம்பாறை அன்பரின் கேஸட்டுக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

நான்காவது, பலர் அறியாதது. நாடா ஆண்டுக்கணக்கில் சுருண்டே கிடந்தால் ஒரு சுற்றிலுள்ள காந்தப் பதிவு, அதை ஒட்டியுள்ள சுற்றிலும் மெல்லப் படிந்துவிடும். அதனால் பாட்டு எழுவதற்குச் சற்று முன்பே அதன் நிழல்போல ஒரு மெல்லிய குரல் கேட்கும். பேய்க்குரல் என்று அஞ்ச வேண்டா. ஆனால் கருவி இதையும் ஒலி என்றே கொள்ளும்; மௌனத்தின் நீளம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும்.

இரண்டாம் நோய், அளவுக்கு மீறிப் பிரிவது. ஒப்பாரியில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே பாடுபவர் மூச்சு வாங்குவார், விம்முவார், சில நேரம் சொல் வராமல் நிற்பார். அந்த நிற்றலும் ஒப்பாரியின் ஒரு பகுதியே. இரண்டு வினாடி ஒலி அடங்கினால் தடத்தைப் பிரி என்று பணிக்கப்பட்ட கருவியோ, அவ்வம்மையார் நின்ற இடமெல்லாம் வெட்டிவிடுகிறது.

கற்றறிந்தார் இசைக்கும் இதே கதிதான். பாலக்காட்டைச் சேர்ந்த மஞ்சப்பிராவில் பிறந்த எம். டி. ராமநாதன் அவர்கள் (1923–1984) சௌக்க காலத்தில், கனத்த தாழ்ந்த குரலில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டுப் பாடியவர் என்பதை இசை அன்பர்கள் அறிவர். அவர் விட்ட இடைவெளிகளுக்காகவே அவர் பாட்டைத் தேடிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுருதி ஒலி மெலிதாகப் பதிவான பழைய நாடா ஒன்றில் அவர் பாட்டை ஏற்றினால், கருவி கீர்த்தனையைத் துண்டு துண்டாக்கிவிடக் கூடும்.

அளவுக்கு மீறிப் பிரிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒலி மட்டத்தை மிகத் தாழ்வாக வைத்துப் பதிவு செய்தால், மெல்லப் பாடும் பகுதிகளெல்லாம் கருவி வகுத்த கோட்டுக்குக் கீழே விழுந்துவிடும். பாட்டின் உச்சம், முள் காட்டும் பூச்சியத்துக்கு 6 முதல் 12 டெசிபெல் கீழே நிற்குமாறு வைத்துக்கொள்ளுதல் நலம். அதற்கு மேலே போனால் ஒலி உடையும்; உடைந்த ஒலியைப் பின்னர் ஒட்ட வைக்க இயலாது.

இவ்விரு நோய்க்கும் பொதுவான சோதனை ஒன்று கூறுகிறோம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரு பாட்டுகளுக்கு இடைப்பட்ட வெற்று நாடாவை ஓட்டி, ஒலி மட்டம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாட்டிலே மிக மெல்லிய இடத்தை ஓட்டி, அதன் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெற்று நாடா 48 டெசிபெல் கீழேயும், மெல்லிய பாட்டு 36 டெசிபெல் கீழேயும் நின்றால், இரண்டுக்கும் நடுவே 42இல் கோட்டை வைக்கலாம். மௌனத்தின் நீளத்தை இரண்டு வினாடியிலிருந்து நான்கு, ஐந்து வினாடிகளாக உயர்த்தலாம். கருவியில் இவ்விரண்டையும் மாற்ற வசதியிருந்தால், திரைப்பாடல் கேஸட்டுகளுக்கு இதுவே போதும். ஆனால் அவ்விரு மட்டங்களும் ஒன்றோடொன்று நெருங்கிவிட்டால், அல்லது பாட்டிலுள்ள இடைவெளி பாட்டுகளுக்கு இடைப்பட்ட இடைவெளியைக் காட்டிலும் நீளமாயிருந்தால், எந்தத் திருகைத் திருகினாலும் பயன் இல்லை. தானே பிரிக்கும் வசதியை அணைத்துவிட்டு, கையால் பிரிப்பதே வழி. நம் வீடுகளிலுள்ள ஒப்பாரி, தாலாட்டு, கும்மி, கோயில் மேளம் ஆகிய யாவும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

தடம் பிரிதலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் வேறு சில தொல்லைகளையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

ஒலி கேட்டால் மட்டும் பதிவைத் தொடங்கும் வசதி சில கருவிகளில் உண்டு. அது பேச்சுக்கு உரியது. பாட்டுக்கு அதைப் பயன்படுத்தினால், கருவி விழித்தெழுவதற்குள் பாட்டின் முதற்சொல் போய்விடும். போனது போனதுதான்.

நீண்ட கச்சேரியைப் பதிவு செய்யும்போது பாட்டின் நடுவே தடம் முறிந்தால், அது மௌனத்தின் குற்றமன்று. பல ரிக்கார்டர்கள் ஒரு கோப்பு 2 ஜி.பி. அளவை எட்டியதும் புதுக் கோப்பைத் தொடங்கும். குறுந்தட்டின் தரத்தில், அதாவது வினாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரு வழி ஒலி என்ற அளவில், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட்டு ஆகும். ஆகவே மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஒரே கோப்பில் அடங்கும். 48,000 மாதிரி, 24 பிட் என்று உயர்த்தினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே அடங்கும். கல்பாத்தியில் ஐப்பசித் தேரையொட்டி நடக்கும் சங்கீதக் கச்சேரிகளைப் பதிவு செய்ய விரும்புவோர், முறையாக அனுமதி பெற்றபின், இக்கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காதில் மட்டும் ஒலி கேட்டால், அது கம்பியின் குற்றம். ஒரு வழிப் பின்னை இரு வழித் துளையில் செருகினால் ஒரு பக்கம் ஊமையாகும். இரு வழிப் பின் உள்ள கம்பியை வாங்கி மாட்டினால் சரியாகிவிடும். மேலும் கேஸட் பெட்டியிலிருந்து வரும் கம்பியை மைக் துளையில் செருகாமல், லைன் என்று குறித்த துளையில் செருக வேண்டும். மைக் துளை மிக மெல்லிய ஒலிக்கென அமைந்தது. கேஸட் பெட்டியின் ஒலியை அது தாங்காது.

வளைகுடா நாடுகளிலிருந்து உறவினர் கொண்டுவந்த மினிடிஸ்க் கருவியை வைத்திருப்போரும் நம்மிடையே உண்டு. 1992இல் சோனி நிறுவனம் வெளியிட்ட இக்கருவியில், கம்பி வழியாகப் பதிவு செய்யும்போது ஏறத்தாழ இரண்டு வினாடி மௌனத்துக்கு ஒரு தடம் என்று பிரியும். பிரிந்ததை ஒட்டவும், ஒட்டியதைப் பிரிக்கவும் அதிலேயே வசதி உண்டு. ஆகவே 17 துண்டானாலும் மீண்டும் ஒன்றாக்கிவிடலாம். ஆனால் பதிவு முடிந்ததும் அட்டவணையை எழுத அது சில வினாடி எடுத்துக்கொள்ளும்; அதற்குள் பேட்டரியைக் கழற்றினால் பதிந்தது தொலையும். சோனி நிறுவனம் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெற்று மினிடிஸ்க் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ஆதலின் அதில் உள்ளவற்றையும் இப்போதே வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுதல் அறிவுடைமை.

இனிக் கையால் பிரிக்கும் முறையைக் காண்போம்.

கேஸட்டின் ஒரு பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் ஒரே கோப்பாகப் பதிவு செய்யுங்கள். 60 நிமிடக் கேஸட்டின் ஒரு பக்கத்துக்கு அரைமணி ஆகும். குறுக்கு வழி கிடையாது. எம்.பி.3 முறையைத் தவிர்த்து, வேவ் முறையிலே பதிவு செய்யுங்கள். எம்.பி.3 கோப்பு சிறு சிறு கட்டங்களாக அமைந்தது. நினைத்த இடத்தில் துல்லியமாக வெட்ட இயலாது. வெட்டிய இடத்தில் சிறு இடைவெளியும் விழக் கூடும். பிற்பாடு செல்பேசியில் கேட்பதற்கு எம்.பி.3 பிரதி எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

பதிவு ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கருவியில் ஓடும் நேரத்தைப் பார்த்துக் குறித்து வாருங்கள்: 0.00 தாலாட்டு; 6.40 பேச்சு, 7.15 கும்மி, 12.30 நாய் குரைத்தல், பாட்டு தொடர்கிறது. இப்படி எழுதிய ஒரு பக்கம், எந்தக் கருவியின் ஊகத்தையும்விட உயர்ந்தது.

பின்னர் அக்கோப்பைக் கணிப்பொறியில் ஏற்றுங்கள். ஆடாசிட்டி என்ற மென்பொருளை எவரும் காசின்றிப் பெறலாம். ஒலி அதில் மலைத்தொடர்போலத் தோன்றும். நோட்டில் குறித்த நேரத்துக்குச் சென்று, கண்ட்ரோல் பொத்தானையும் பி எழுத்தையும் ஒருங்கே அழுத்தினால் அங்கே ஓர் அடையாளம் விழும். அதில் பாட்டின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். அடையாளங்களை இட்டு முடித்தபின், அவற்றின்படி தனித்தனிக் கோப்புகளாக வெளியிடும் கட்டளையும் அதில் உண்டு. வெட்டும் இடத்தைப் பாட்டின் முதல் ஒலியோடு ஒட்டி வைக்காமல், ஒரு வினாடி முன்னே வைக்க வேண்டும். பாடுபவர் மூச்சை இழுக்கும் ஒலியும் பாட்டுக்குரியது. வெளியிட்ட பின் ஒவ்வொரு தடத்திலும் முதல் ஐந்து வினாடியையும் கடைசி ஐந்து வினாடியையும் கேட்டுப் பாருங்கள். தவறு எங்கேனும் இருந்தால் பெரும்பாலும் அவ்விடங்களில் இருக்கும்.

எங்கே பிரிப்பது என்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். கச்சேரியில் ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், கற்பனை ஸ்வரம், தனி ஆவர்த்தனம் ஆகிய யாவும் ஓர் உருப்படியைச் சேர்ந்தவை. அவற்றைத் துண்டாக்காமல் ஒரே தடமாக வைத்து, உள்ளே அடையாளம் மட்டும் இட்டுக்கொள்ளலாம். ஒப்பாரியையும் அப்படியே. பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள பேச்சை அழித்துவிட வேண்டா. "இது எங்க அம்மா பாடினது, போடியிலே இருக்கும்போது கத்துக்கிட்டது" என்று பாட்டியார் சொன்ன ஒரு வரி, அப்பாட்டு மேட்டைக் கடந்து மலையேறி வந்த வரலாற்றையே சொல்லிவிடும்.

கோப்புக்குப் பெயரிடும்போது, கணிப்பொறி வரிசை பிறழாதிருக்க 01, 02 என்று இரண்டு இலக்கமாகத் தொடங்குங்கள். அடுத்துப் பாடியவர் பெயர், பாட்டின் முதற்சொல், ஊர், ஆண்டு. ரிக்கார்டர் தானாக இடும் தேதியை நம்ப வேண்டா; பேட்டரியைக் கழற்றினால் பல கருவிகளில் கடிகாரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முழுப் பக்கத்தைப் பதிந்த முதற்கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். இன்று நாம் பிரித்த இடம் தவறென்று நாளை ஒருவர் காட்டினால், திரும்பிச் செல்ல அது ஒன்றே வழி.

இதுவரை கூறியவை கைவேலை. ஆனால் அக்கைவேலைக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் குறிப்பவருக்குப் பாட்டு எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமே! கும்மியில் மெட்டு மாறினால் பாட்டு மாறியதா, அதே பாட்டின் அடுத்த அடியா? ஒப்பாரியில் தாயை அழுது முடித்துக் கணவனை அழத் தொடங்குவது தனிப் பாட்டா, தொடர்ச்சியா? இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. பலருக்கு அச்சொற்களே விளங்குவதில்லை. தெரிந்தவர் அதைப் பாடியவர். அல்லது அவரோடு சேர்ந்து பாடிய தோழியர். ஆகவே கேஸட்டை ஏற்றும் நாளில் அவர்களுள் ஒருவரை அருகே அமர்த்திக்கொள்வதே இவ்வேலையில் முதற் கருவி. அவர் கையை உயர்த்தினால் பாட்டு முடிந்தது, நேரத்தைக் குறியுங்கள்.

புதிதாக எதையேனும் பதிவு செய்வதானால், ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் பாடுபவர் தம் பெயரையும் ஊரையும் நாளையும் வாயால் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இது புதிய யோசனை அன்று. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடிய கௌஹர் ஜான் அம்மையார், தட்டின் இறுதியில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். இன்றும் அத்தட்டைக் கேட்பவருக்குப் பாடியவர் யார் என்ற ஐயமும் இல்லை. பாட்டு முடிந்ததா என்ற ஐயமும் இல்லை. தட அடையாளங்களுள் தலையாயது மனிதர் குரலே.

ஒப்பாரி விஷயத்தில் ஒரு மரியாதையும் உண்டு. சாவு நேராத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்ற எண்ணம் நம் மக்களிடையே வலுவாக உள்ளது. வற்புறுத்தி வீட்டுக்குள் பாட வைக்க வேண்டா. காட்டோரமோ, கோயில் மரத்தடியோ, அவர்களுக்கு மனம் ஒப்பும் இடத்திலே பாடட்டும். பதிந்ததை யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கலாகாது என்பதையும் அவர்களையே கேட்டு எழுதி வையுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவுடன் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டிய குடும்பங்கள் நம்முடையவை. தேனிக்கும் தென்காசிக்கும் விருதுநகருக்கும் சாமான்களைக் கட்டும்போது, பித்தளைக் குடமும் பெட்டியும் வண்டியில் ஏறுகின்றன. பூஞ்சை பிடித்த கேஸட்டுகள் மூலையிலே நின்றுவிடுகின்றன. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த இராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 உயிர்கள் மாண்டன. போன உயிருக்கு ஈடு ஏதும் இல்லை. எனினும், உறவினரின் குரல் வேறோர் ஊரில் வேறொரு பெட்டியிலேனும் இருந்தால் அது எத்தகைய செல்வம் என்பதை, இழந்தவர்களே அறிவர். ஆகவே பிரித்து முடித்த கோப்புகளை ஒரே மெமரி கார்டில் வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒரு பிரதி மலைமேல் இருந்தால், இன்னொரு பிரதி கீழ்நாட்டு உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

ஒரு பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே உண்டு. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் குலத்து நஞ்சியம்மா அவர்கள், தம் மொழியில் தாமே கட்டிய பாட்டை 2020இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில் பாடினார். 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியாக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். எல்லோருடைய பாட்டும் விருது பெற வேண்டுமென்பதில்லை. பெயரோடும் ஊரோடும், தொடக்கமும் முடிவும் சிதையாமல், பேரப்பிள்ளைகளின் காதுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

மழைக்காலத்தில் நாடாக்களில் பூஞ்சை பரவும். ஆதலின், வெயில் உள்ளபோதே வீட்டிலுள்ள கேஸட்டுகளை எடுத்து உலர்ந்த இடத்தில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் யார் குரல் உள்ளது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி ஒட்டுங்கள். ரிக்கார்டர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டா. அது பின்னர் வாங்கலாம், இரவலும் கிடைக்கும். கேட்டுச் சொல்லும் பெரியவர்களை வாங்கவும் இயலாது, இரவல் பெறவும் இயலாது. அவர்களை அருகே அமர்த்திக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே முதற் கேஸட்டைத் தொடங்குங்கள். பூஞ்சை பிடித்த நாடாவையும் அறுந்த நாடாவையும் செப்பம் செய்வது எவ்வாறு என்பதை அடுத்த இதழில் விளக்குவோம்.